பரணில் ஏறும் தள்ளுபடி

ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாகப் பாச்சலூருக்கு ஏறும் பேருந்தில், மாதம் 15ஆம் தேதி கழிந்த ஒருநாள் உட்கார்ந்து பார்த்தால் மலைக் குடும்பங்களின் வீட்டுக் கணக்கு மூட்டை மூட்டையாகக் கண்ணில் படும். இருக்கைக்கு அடியில் அரிசிச் சிப்பம், மடியில் எண்ணெய்க் கேன், நடைவழியில் வெங்காயச் சாக்கு. சில வருடங்களாக அவற்றோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி. உள்ளே சோப்புத்தூள்; வாளி இலவசம். கடைசியாக நான் போனபோது பக்கத்து இருக்கைப் பெண்ணின் காலடியில் அப்படி ஒரு வாளியும், நாடா ஒட்டிச் சேர்த்துக் கட்டிய ஆறு பாக்கெட்டுகளும் இருந்தன. பின்னால் இருந்தவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"என்னக்கா, இம்புட்டு சோப்பு? கடை வைக்கப் போறியா?"

"மூணு எடுத்தா மூணு சும்மா தர்றாங்க தம்பி. எப்படியும் வேணும்ல. கெட்டா போகும்?"

எப்படியும் வேணும், கெட்டுப் போகாது. சலுகை விலையில் வீட்டுச் சாமான்களை வாங்கி அடுக்கும் பழக்கம் முழுவதும் இந்த இரண்டு நம்பிக்கைகளின் மேல்தான் நிற்கிறது. சொல்லாமல் விட்ட மூன்றாவது ஒன்றும் உண்டு: வாங்குவதற்கு இன்று கையில் காசு இருக்கிறது. பொருளியல் ஆய்வாளர்கள் 40 ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மூன்றையும் தனித்தனியாகச் சோதித்து வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதைப் பாச்சலூர் போன்ற ஒரு மலையூரில் வைத்துப் பார்க்கிறபோது, சமவெளியில் சரியாக வரும் கணக்கு மலையில் எங்கே பிசகுகிறது என்பது தெரிகிறது.

விலை இறங்கும்போது வாங்கி வைப்பது தமிழ் வீடுகளுக்குப் புதிதல்ல. அதற்கு நம்மிடம் ஒரு பெயரே இருந்தது: வருஷச் சாமான். மாசி, பங்குனியில் புதுப்புளி இறங்கும். ஓடும் நாரும் கொட்டையும் நீக்கி, வெயிலில் காட்டி, உப்புத் தூவிப் பானையில் அமுக்கி வைத்தால் அடுத்த புளி வரும்வரை தாங்கும். விளாத்திகுளம் பக்கத்து மல்லியும், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாயும் சந்தைக்கு வருவது அந்த மாதங்களை ஒட்டித்தான். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பார்கள். உடைத்த பருப்பில் விளக்கெண்ணெய் பிசறுவார்கள். தானியத்துக்குக் குதிரும் குலுக்கையும் இருந்தன. அவற்றின் அடியில் வேப்பிலையோ நொச்சியோ கிடக்கும்.

அந்த வருஷச் சாமானில் விலை ஏன் இறங்குகிறது என்பது வீட்டுக்குத் தெரியும். காட்டில் விளைந்து குவிந்திருக்கிறது, அதனால் இறங்கியிருக்கிறது. எப்போது திரும்ப ஏறும் என்பதும் தெரியும்: ஆடியில் மிளகாய் ஏறும், ஐப்பசியில் பருப்பு ஏறும். பொருளைக் கெடாமல் காக்கும் வித்தையும் அதே வீட்டில் இருந்தது. பெரும்பாலும் அது பெண்களின் அறிவு. சித்திரை வெயிலில் முறத்தோடு மாடியில் நின்ற உழைப்பு. விலையறிவும் காக்கும் அறிவும் ஒரே கையில் இருந்ததால்தான் வருஷச் சாமான் ஆதாயமாக முடிந்தது.

கீழ்ப் பழனி மலையில் வேறொரு வழக்கமும் உண்டு. பாச்சலூரைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் பளியர்களும் புலையர்களும் வாழ்கிறார்கள். 1960களில் பளியர்களோடு இருந்து ஆய்வு செய்த மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், காட்டில் அன்றன்றைக்குத் தேடி உண்ணும் வாழ்க்கையை விரிவாக எழுதியிருக்கிறார். வள்ளிக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே கெடாமல் இருக்கிறது, வேண்டும்போது தோண்டிக்கொள்ளலாம். அதைத் தோண்டி வீட்டில் குவித்தால்தான் அழுகும். காடே களஞ்சியமாக இருந்தவர்களுக்குச் சேமித்து வைப்பது தேவையாக இருக்கவில்லை. இதை முன்யோசனை இல்லாத வாழ்க்கை என்று சொல்பவர்கள் கிழங்கின் இயல்பையும் அறியவில்லை, மனிதர்களையும் அறியவில்லை. வனச் சட்டங்களும் எஸ்டேட் வேலிகளும் அந்தக் களஞ்சியத்தைச் சுருக்கிய பிறகு, அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே பேருந்தில் அரிசிச் சிப்பத்தோடு ஏறுகிறார்கள்.

தோட்டம் உள்ள குடும்பங்களுக்குச் சேமிப்பு என்றால் மிளகு. காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் மரத்தில் கொடியேற்றி, பறித்து, முற்றத்துப் பாயில் கறுகக் காயவைத்துச் சாக்கில் கட்டினால் மிளகு வருடக்கணக்கில் இருக்கும். விலை சரியில்லை என்றால் விற்காமல் வைத்திருக்கலாம்; பெண்ணுக்குச் சீர், பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் என்று வரும்போது ஒரு மூட்டையை இறக்கலாம். அதே மலையின் அடிவாரத்தில், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குத் தக்காளி கொண்டுவரும் விவசாயிக்கு அந்த வசதி இல்லை. விலை விழுந்த நாளில் அவர் கூடையைத் திருப்பி எடுத்துப் போக முடியாது. சாலையோரம் கொட்டிவிட்டுப் போன செய்திகளை எத்தனையோ முறை படித்திருக்கிறோம். பொருளைப் பிடித்து வைக்க முடிந்தவர் விலையோடு பேரம் பேசலாம். பிடித்து வைக்க முடியாதவர் வந்த விலைக்குத் தலையாட்ட வேண்டும். விற்பவருக்கு உள்ள இந்த விதி வாங்குபவருக்கும் அப்படியே பொருந்தும்.

இனி அந்த ஆறு பாக்கெட்டுக்கு வருவோம். சோப்புத்தூளுக்கு அறுவடை மாதம் கிடையாது. ஆலையில் வருடம் முழுவதும் ஒரே சீராகத்தான் வருகிறது. அப்படியிருக்க, அதன் விலை ஏன் திடீரென்று இறங்குகிறது?

1981இல் ராபர்ட் பிளாட்பெர்க், கேரி எப்பன், ஜோஷுவா லீபர்மேன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு விடை சொன்னார்கள். கடைக்காரருக்குச் சரக்கை வைத்திருப்பது செலவு: இடம், முடங்கிய பணம், கெட்டுப்போகும் அபாயம். வீட்டுக்காரருக்கு அந்தச் செலவு குறைவு. அல்லது குறைவு என்று அவர் நினைக்கிறார். ஆகவே விலையைச் சற்றுக் குறைத்துச் சரக்கை அவர் வீட்டுக்கு மாற்றிவிட்டால் இருவருக்கும் லாபம். தள்ளுபடி என்பது, நம் வீட்டுப் பரணைக் கிடங்காகப் பயன்படுத்திக்கொள்ள நமக்குத் தரும் வாடகை. இந்தப் பார்வையோடு விளம்பரப் பலகையைப் படித்தால், கேட்க வேண்டிய கேள்வி மாறிவிடும். எவ்வளவு மிச்சம் என்பதோடு, இந்த வாடகை என் பரணுக்குக் கட்டுமா என்றும் கேட்கத் தோன்றும்.

வாடகை எவ்வளவு என்று அறிவதே முதலில் சிரமம். "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்றால் பாதி விலை. "மூன்றுக்கு ஒன்று இலவசம்" என்றால் கால்பங்குதான் குறைவு. "20% கூடுதல்" என்று உறையில் மஞ்சளாக அச்சடித்திருந்தால், 120 கிராமை 100 கிராம் விலைக்குத் தருகிறார்கள். அது 20% தள்ளுபடி ஆகாது, 17%க்கும் சற்றுக் குறைவு. தள்ளுபடி எந்த விலையிலிருந்து கழிக்கப்படுகிறது என்பது அடுத்த கேள்வி. 1990 முதல் இந்தியாவில் பொட்டலப் பொருளின் மேல் அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும். அதற்கு மேல் விற்கக் கூடாது என்பது சட்டம். அந்த எண்ணை அச்சிடுபவர் உற்பத்தியாளரே. ஆக, "நீங்கள் மிச்சம் பிடித்தது இவ்வளவு" என்று பில்லின் அடியில் வரும் தொகை, அவரே போட்ட கோட்டிலிருந்து அளக்கப்பட்டது. 2021 நவம்பரில் பொட்டலப் பொருள் விதிகளைத் திருத்தி, கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்று ஆக்கினார்கள். உண்மையான உதவி அது. ஆனால் உறையில் அது இருக்கும் இடத்தையும் எழுத்தின் அளவையும் பாருங்கள். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் எட்டாது.

விலை இறங்கும் என்ற அபாயமும் சரக்கோடு சேர்ந்தே வீட்டுக்கு வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பூ, பற்பசை, தலைக்கு எண்ணெய் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18%லிருந்து 5% ஆனது. வரியோடு 118 ரூபாயாக இருந்த பொருள் 105 ரூபாய்க்கு வர வேண்டும். அதற்கு முந்தைய மாதம் 10% தள்ளுபடியில் ஆறு மாதத்துக்கு வாங்கி அடுக்கியவர், வரி குறைந்த பிறகு சாதாரணமாக வாங்கியவரைவிடச் சற்று அதிகமாகவே கொடுத்திருந்தார்.

எப்படியும் வேணும் என்ற முதல் நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி? வேண்டும்தான், எவ்வளவு வேண்டும் என்பது வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. 1998இல் குசும் அய்லவாடி, ஸ்காட் நெஸ்லின் இருவரும் தயிரையும் தக்காளி கெச்சப்பையும் எடுத்து ஆராய்ந்தார்கள். சலுகையில் வாங்கிக் குவித்த வீடுகளில் தயிர் வேகமாகத் தீர்ந்தது. கெச்சப்பில் அந்த வேகம் மிகக் குறைவு. உப்பு ஐந்து பாக்கெட் இருக்கிறது என்று யாரும் குழம்பில் கூடுதலாகப் போடுவதில்லை. பிஸ்கட் ஐந்து பாக்கெட் இருந்தால் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும். சோப்புத்தூள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பாக்கெட்டின் அடி தெரியும்போது கரண்டியால் அளந்து போடும் அதே கை, வாளி நிறைய இருக்கும்போது அள்ளிப் போடுகிறது. எங்கள் வீட்டில் ஒரு முறை அடையாளம் போட்டுப் பார்த்தேன். வழக்கமாக நான்கு வாரம் வரும் ஒரு கிலோ, வாளியில் கொட்டி வைத்தபோது மூன்று வாரத்தைத் தாண்டவில்லை. ஒரு வீட்டின் கணக்கு ஆய்வாகாது. என் கைப் பழக்கத்தை எனக்குக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவே.

இகல் ஹெண்டல், அவிவ் நெவோ இருவரும் 2006இல் அமெரிக்கக் குடும்பங்களின் சலவைத்தூள் கொள்முதலை ஆராய்ந்து இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். சலுகை வாரத்தில் விற்பனை எகிறுவதைப் பார்த்து, விலை குறைந்ததால் மக்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அதில் பெரும்பகுதி அடுத்த மாதம் வாங்க வேண்டியதை இந்த மாதமே வாங்கியது. இதைக் கவனிக்காத கணிப்புகள், விலைக்கு மக்கள் அசையும் அளவை ஏறக்குறைய 30% மிகையாகக் காட்டுகின்றன என்றார்கள். வாங்கி வைப்பவர் ஏமாளி இல்லை, கணக்குத் தெரிந்தவர் என்பதே அந்த ஆய்வின் உட்பொருள். எனக்கும் அதில் உடன்பாடு உண்டு. வாளியோடு ஏறிய அந்தப் பெண் கணக்குத் தெரியாதவர் இல்லை. அவர் கணக்குப் போட்ட இடம் கடை. பொருள் போய்ச் சேரும் இடம் மலை. வித்தியாசம் அங்கேதான் வருகிறது.

ஏனென்றால் மலையில் கெட்டுப் போகும்.

கீழ்ப் பழனி மலை ஏறக்குறைய 1,000 முதல் 1,500 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நாள்கணக்கில் வெயில் தெரியாது. மூட்டம் வாசல் வழியாக உள்ளே வரும். துணி காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் விடும், தீக்குச்சி உரசினால் மருந்து நழுவும். சோப்புத்தூளில் இருக்கும் சோடா உப்புகள் ஈரத்தை உறிஞ்சும். திறந்த பாக்கெட் முதலில் நமுக்கும், பிறகு கட்டி தட்டும், கடைசியில் கல்லாகும். கார்த்திகை மாதம் ஒரு வீட்டில் அம்மிக் குழவியின் முனையால் சோப்புத்தூளை உடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். உடைந்த துண்டுகளை ஒரு டப்பாவில் ஊறப்போட்டுக் கூழாக்கிப் பயன்படுத்தினார்கள். வீணாகவில்லை, ஆனால் அளவு தெரியாமல் போய், ஒரு துவைப்புக்கு இரண்டு துவைப்பின் சரக்கு கரைந்தது.

அரிசியின் கதை வேறு. வண்டு வெளியிலிருந்து வருவதாகத்தான் பெரும்பாலும் நினைக்கிறோம். பெண் அரிசி வண்டு தானியத்தில் சிறு துளை போட்டு, உள்ளே முட்டை வைத்து, துளையை அடைத்துவிடும். ஒரு வண்டு தன் வாழ்நாளில் 300, 400 முட்டைகள் வரை இடக்கூடும். வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முட்டை வண்டாகி வெளியே வரும். சிப்பத்தோடு விலைக்கு வாங்கி வந்ததே அந்த முட்டை. ஒரு மாதத்துக்கு வாங்கியவர் அது பொரிப்பதற்குள் சமைத்து முடித்துவிடுகிறார். ஆறு மாதத்துக்கு வாங்கியவர் வண்டுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறு போடுகிறார். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்காகவே தானியத்தில் செருகி வைக்கும் துளையிட்ட குழாய்ப் பொறி ஒன்றை உருவாக்கியது. காற்றோட்டத்தை நாடும் வண்டின் இயல்பையே பயன்படுத்தி, துளை வழியாக நுழையும் வண்டைக் கீழே கூம்பில் விழவைக்கும் எளிய கருவி. ரேஷன் கடையில் அரிசியும் பருப்பும் வாங்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்பது வருத்தம்.

பரண் இதற்கெல்லாம் விடையாக இருந்த காலம் உண்டு. விறகு அடுப்புக்கு நேர்மேலே கட்டிய பரணில் புகையும் சூடும் ஓயாமல் ஏறிக்கொண்டிருக்கும். விதைச் சோளம், பீன்ஸ் விதை, வற்றல், தீப்பெட்டி எல்லாம் அங்கே காய்ந்த வாக்கில் இருக்கும். எரிவாயு அடுப்பு வந்து பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் புகையிலிருந்து காப்பாற்றியது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் புகை போனதோடு பரணின் உலர்வும் போனது. இன்று பரண் என்பது சிமென்ட் பலகை. மழைக்காலத்தில் அதன் அடிப்பக்கம் வியர்க்கும். சரக்கு மட்டும் முன்பைவிட அதிகமாக அங்கே ஏறுகிறது.

மூன்றாவது நம்பிக்கையான கைக்காசுதான் இந்த விஷயத்தில் என்னை அதிகம் வருத்துவது.

விஜயேந்திர ராவ் என்ற பொருளியலாளர் கர்நாடகத்தில் குயவர் குடும்பங்களிடையே நடத்திய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. ஒரே பொருளுக்கு ஒரே வட்டாரத்தில் ஏழைக் குடும்பம் கூடுதல் விலை கொடுப்பதை அவர் கண்டார். ஏழை கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறார்; கொஞ்சமாக வாங்குபவருக்கு விலை கூடுதல். வருமானத்தை ரூபாயில் மட்டும் அளந்தால் தெரியும் ஏற்றத்தாழ்வைவிட, அந்த ரூபாய் வாங்கித் தருவதை அளந்தால் தெரியும் ஏற்றத்தாழ்வு பெரிது. 2019இல் வெளியான ஆய்வில் யெஷிம் ஓர்ஹுன், மைக் பலாசோலோ இருவரும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கக் குடும்பங்கள் கழிவறைக் காகிதம் வாங்கியதை ஏழு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அந்தப் பொருளை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள்: மலிவாகக் கிடைத்தது என்பதற்காக யாரும் அதைக் கூடுதலாகப் பயன்படுத்துவதில்லை, அது கெட்டும் போகாது. அப்படியும் ஏழைக் குடும்பங்கள் பெரிய கட்டை வாங்குவதும், சலுகை வரும்போது முன்கூட்டி வாங்குவதும் குறைவாகவே இருந்தது. மாதத் தொடக்கத்தில், கையில் பணம் இருக்கும் நாள்களில் அவர்களும் மற்றவர்களை நெருங்கி வாங்கினார்கள். அறிவில் வித்தியாசம் இல்லை. கையில் காசு இருப்பதில்தான் வித்தியாசம்.

பேருந்தில் 15ஆம் தேதிக்குப் பிறகு ஏறிப் பார்க்கச் சொன்னது இதனால்தான். 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய், மாதாமாதம் அந்தத் தேதியை ஒட்டி வங்கிக் கணக்கில் ஏறுகிறது. வாராந்தரக் கூலியில் கை வாய்க்குச் சரியாகப் போகும் வீட்டில், சேர்ந்தாற்போல் ஒரு தொகை கண்ணில் படும் நாள் அது. அந்த நாளில் சலுகைப் பலகை அவர்களுக்கும் திறக்கிறது.

மற்ற நாள்களில்? கடன் வாங்கிச் சலுகையைப் பிடிக்கலாமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் 100 ரூபாய்க்கு வாங்கும் பொருள் 20% தள்ளுபடியில் 80க்குக் கிடைக்கிறது. ஆறு மாதத்துக்கு வாங்கினால் 600க்குப் பதில் 480. கையில் இந்த மாதத்துக்கான 100 இருக்கிறது; மீதி 380ஐக் கடனாக வாங்கி, அடுத்தடுத்த மாதங்களில் நூறு நூறாக அடைக்கிறோம். நூற்றுக்கு மாதம் 5 வட்டி என்றால் முடிவில் மொத்தம் 532 ரூபாய் ஆகிறது. கிடைத்த 120 ரூபாய் மிச்சத்தில் 52 ரூபாய் வட்டிக்குப் போய்விடுகிறது. பத்து வட்டி என்றால் மொத்தம் 601 ரூபாய். சலுகையே இல்லாமல் மாதாமாதம் வாங்கியிருந்தால் 600. தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. பத்து வட்டியும் இருக்கிறது.

இதனால்தான் மலையூரின் பெட்டிக்கடையை விலை அதிகம் என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட முடியவில்லை. கீழேயுள்ள பெரிய அங்காடி கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்துத் தரும். ஆனால் ரொக்கம் வேண்டும், பேருந்துக் கட்டணம் வேண்டும், ஒருநாள் கூலியை விட வேண்டும். பெட்டிக்கடையில் பற்று நோட்டு இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நான்கு நாள் வேலைக்குப் போகாத வாரத்திலும் எண்ணெயும் பருப்பும் தருவது அந்த நோட்டு. கூடுதலாகக் கொடுக்கும் பத்து ரூபாய்க்குள் கடனின் விலையும் கிடங்கின் வாடகையும் பேருந்துக் கட்டணமும் அடங்கியிருக்கின்றன. கடைக்காரர்தான் நமக்காகச் சரக்கு அடுக்கி வைத்திருக்கிறார்.

நம் நாட்டில் ஷாம்பூவுக்குச் சிறு உறை என்ற சாஷே பிறந்தது கடலூரில் என்பதை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். சின்னி கிருஷ்ணன் 1970களில் அந்த எண்ணத்தை வளர்த்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியே தொடங்கியது சிக் ஷாம்பூ. எந்த நிறுவனத்தின் ஷாம்பூவானாலும் ஐந்து காலி உறைகளைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் உறை இலவசம் என்று அவர்கள் அறிவித்தார்கள். பிறகு சிக்கின் காலி உறைகளுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். நான் அறிந்த சலுகைகளில் ஏழைக்கு மிகப் பொருந்தியது அது. நாளைக்கு வேண்டியதை இன்றே வாங்கு என்று அது சொல்லவில்லை. தீர்ந்துபோனதைக் கொண்டு வா என்றது. காசும் பரணும் இல்லாதவரும் அதில் பங்கெடுக்க முடிந்தது. இன்றும் ஷாம்பூ போன்ற சில பொருள்களில் மில்லிக்கு என்ன விலை என்று பார்த்தால், பெரிய பாட்டிலைவிடச் சிறு உறை மலிவாக அமைவது உண்டு. அந்த உறைகள் மக்காமல் ஓடைகளில் மிதப்பது இதன் மறுபக்கம். பாச்சலூர் போன்ற ஊரில் அதை அள்ளவும் ஆள் இல்லை. இரண்டையும் ஒன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சலுகைக்காக இல்லாமல் பயத்தால் வாங்கி வைக்கும் நாள்களும் வரும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையைக் கடந்து மேற்கே நகர்ந்தபோது கொடைக்கானல் மலைகளில் மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன, மின்சாரம் போனது. அப்படிப்பட்ட நாளில் வீட்டில் இருக்கும் பத்து கிலோ அரிசிக்கு விலையே சொல்ல முடியாது. 2020 ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தபோது முந்தைய நாள் கடைகளில் கூடிய கூட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. 2023 ஜூலை 20இல் பாசுமதி அல்லாத வெள்ளையரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியதும், அமெரிக்காவில் நம்மவர்கள் பொன்னிக்கும் சோனா மசூரிக்கும் வரிசையில் நின்றார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு மூட்டை என்று கடைகள் கட்டுப்பாடு வைத்தன. டாலரில் சம்பாதிப்பவருக்கும் அரிசி மூட்டை தரும் நிம்மதி ஒன்றுதான். மலைக்காரருக்கு அந்தப் பயம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நியாயமானது. அவர்கள் அரிசி, உப்பு, பருப்பு, தீப்பெட்டி, மருந்து வாங்கி வைப்பதை நான் முழு மனத்தோடு சரி என்பேன். சலுகைப் பலகையில் பெரும்பாலும் இவை வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவற்றில் அரிசியையும் பருப்பையும் நமக்காக வாங்கி வைக்கும் ஒரு பெரிய பரண் இருக்கிறது: நியாயவிலைக் கடை. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிச்சந்தையில் பருப்பு எங்கே போனாலும் அந்த விலை அசைவதில்லை. மொத்தமாக வாங்கும் ஆதாயம், கிடங்கு, பூச்சி மருந்து, முடங்கும் பணம் எல்லாவற்றையும் அரசு சுமந்து, வீட்டுக்கு மாத அளவை மட்டும் இறக்குகிறது. ஏழைக் குடும்பத்துக்குச் சலுகை எப்படி வர வேண்டுமோ அப்படி வருகிறது. சோப்பும் பற்பசையும் நாப்கினும் அந்தக் கடையில் இதே போல் மானிய விலையில் ஏன் வரக் கூடாது என்று கேட்பது பேராசை ஆகாது.

அதுவரை மலையில் ஏற்கெனவே நடக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாச்சலூரில் நாங்கள் இறங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அந்தப் பெண்ணுக்காக நிறுத்தத்தில் இருவர் காத்திருந்தார்கள்; ஒருத்தி அவர் நாத்தனார் என்பது பேச்சில் தெரிந்தது. டீக்கடை பெஞ்சின் மேல் வாளியை வைத்து, நாடாவைப் பல்லால் கடித்துப் பிரித்தார். ஆறு பாக்கெட் மூன்று ஜோடியானது. வாளித் தூளையும் அங்கேயே டம்ளரால் அளந்து இரண்டு பைகளில் கொட்டினார்கள்.

"வாளி எனக்கு மதினி, சொல்லிட்டேன்."

"வச்சுக்க. காசு எப்பத் தருவ?"

"சனிக்கிழமை கூலி வாங்கிட்டு."

ஒரு வீடு ஆறு மாதம் வைத்திருக்க வேண்டியதை மூன்று வீடுகள் இரண்டு மாதத்தில் தீர்த்துவிடும். கார்த்திகை மூட்டம் இறங்குவதற்குள் பாக்கெட் காலியாகும். வட்டி இல்லை, பரண் வேண்டாம், வண்டுக்கு நேரமும் இல்லை. நாள்களுக்குப் பங்கிட வேண்டியதை அவர்கள் ஆள்களுக்குப் பங்கிட்டார்கள். மீதித் தூளைத் தட்டி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பையோடு மேட்டுப் பாதையில் ஏறிப் போனார்கள். வாளி கடைசியாகப் போனவள் தலையில் இருந்தது.